டேப் திரை தானாக அணைகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

"ஸ்கிரீன் போயிடுச்சு" என்று என் சர்வீஸ் மேசைக்கு வரும் டேப்களில் சிலவற்றில் பழுதே இருக்காது. முப்பது நொடியில் அணையும்படி செட்டிங்கில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்த டேப், எப்போது அணைகிறது என்று சேர்த்துக் கேட்டால் பதில் சொல்வது சுலபம்.

கேள்வி: வீணை கற்கிறேன் சார். ஸ்வரக் குறிப்பை சாம்சங் டேபில் வைத்துப் பார்த்து வாசிப்பேன். சரணம் வருவதற்குள் திரை இருண்டுவிடும். மீட்டை விட்டுவிட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: முதலில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்கிரீன் டைம்அவுட் போய்ப் பாருங்கள். சாம்சங்கில் பெரும்பாலும் 10 நிமிடம்தான் உச்சம். வேறு சில ஆண்ட்ராய்டுகளில் 30 நிமிடம் வரை இருக்கும். "எப்போதும் அணையாதே" என்ற தேர்வைத் தேடாதீர்கள், பல டேப்களில் அது கிடையாது.

சாம்சங்கில் 'கீப் ஸ்கிரீன் ஆன் வைல் வியூயிங்' என்று ஒன்று உண்டு. முன்பக்க கேமரா உங்கள் முகத்தைத் தேடும், முகம் தெரியும்வரை அணைக்காது. கதை படிப்பவருக்கு அருமையான வசதி. உங்களுக்குச் சந்தேகம்தான். வீணை வாசிப்பவர் கண் பாதி நேரம் மெட்டுகளின் மேல் இருக்கும், ஸ்டாண்ட் ஒரு பக்கமாக இருக்கும், வெளிச்சமும் குறைவாக இருந்தால் கேமராவுக்கு முகம் அகப்படாது.

உங்களுக்குச் சரியான வழி வேறு. யூட்யூபில் கச்சேரி பார்க்கும்போது திரை அணைகிறதா? இல்லை. "நான் ஓடும்வரை அணைக்காதே" என்று அந்தச் செயலியே ஆண்ட்ராய்டிடம் கேட்டுக்கொள்கிறது. அதேபோல் கேட்கத் தெரிந்த பிடிஎஃப் ரீடர்களும் இசைக் குறிப்புச் செயலிகளும் உண்டு. அவற்றின் செட்டிங்கில் 'கீப் ஸ்கிரீன் ஆன்' என்று இருக்கும். டேபை விட்டுவிட்டு செயலியை மாற்றுங்கள்.

கேள்வி: டிஃபன் கடை நடத்துகிறோம் அண்ணா. கல்லாவில் ஆர்டர் எடுக்க ஒரு டேப் எப்போதும் சார்ஜிலேயே நிற்கும். காலை முதல் இரவு வரை அணையவே கூடாது.

பதில்: உங்களுக்காகவே ஒரு ஸ்விட்ச் ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸில் அபவுட் டேப்லெட், சில மாடல்களில் அதற்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன். அங்கே 'பில்ட் நம்பர்' வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற, செயலி எழுதுபவர்களுக்கான மெனு திறக்கும். அதில் 'ஸ்டே அவேக்' போட்டால் சார்ஜ் ஏறும்வரை திரை தூங்காது. மின்சாரம் போனால் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும். அதே டேபில் கூகுள் பே, வங்கி என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அணைவதைவிட எனக்குப் பெரிய கவலை பேட்டரி. வருடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே சூட்டில் கிடந்தால் அது உப்பும். கண்ணாடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் டேப்களை நான் பிரித்திருக்கிறேன், பயமாகத்தான் இருக்கும். பேட்டரி செட்டிங்கில் 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு இருந்தால் உடனே போடுங்கள். அடுப்புக்கு அருகே வைக்காதீர்கள். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஓஎல்இடி திரை என்றால் ஒரே மெனு மாதக்கணக்கில் நின்று நிழலாகப் பதிந்துவிடும். எல்சிடியில் அந்தப் பயம் மிகக் குறைவு.

கேள்வி: ஐபேடில் ஆட்டோ லாக்கை 'நெவர்' என்று வைத்திருந்தேன். இன்று 30 நொடியிலேயே பூட்டிக்கொள்கிறது. நான் எதையும் தொடவில்லை.

பதில்: மேலே பேட்டரிப் படம் மஞ்சளாக இருக்கிறதா? லோ பவர் மோட் போட்டிருக்கிறது. அது இருக்கும்வரை ஆட்டோ லாக் 30 நொடிதான். நிறுத்தினால் சரியாகும். 'நெவர்' என்ற வரியே காணவில்லை என்றால் அது அலுவலகமோ பள்ளியோ கொடுத்த ஐபேடாக இருக்கும். அங்கே நிர்வாகி வைத்ததுதான் சட்டம், என்னைக் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்குப் புத்தகம் மாதிரி மூடும் உறை வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறது. டைம்அவுட் 10 நிமிடம் இருக்கிறது.

பதில்: டைம்அவுட்டால் அணைந்தால் சில நொடி முன்பே திரை மங்கும். அப்போது தொட்டால் பிழைத்துக்கொள்ளும். மங்காமல் பட்டென்று அணைகிறது என்றால் குற்றவாளி வேறு. உறையின் மடலில் சின்னக் காந்தம் இருக்கும், டேபுக்குள் அதை உணரும் சென்சார் இருக்கும். காந்தம் நெருங்கினால் "மூடிவிட்டார்கள்" என்று டேப் நினைத்துக்கொள்ளும். அப்பா மடலைப் பின்னால் மடித்துப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். உறையைக் கழற்றிவிட்டு ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஐபேட் என்றால் டிஸ்ப்ளே பகுதியில் 'லாக் / அன்லாக்' என்பதை அணைத்தால் போதும், காந்தத்தைக் கண்டுகொள்ளாது.

கேள்வி: கம்ப்யூட்டரில் இணைத்து டைம்அவுட்டுக்கு 2147483647 என்று கொடுத்தால் அணையவே அணையாதாமே?

பதில்: அந்த எண் மில்லிசெகண்டில். கணக்குப் போட்டால் 24 நாளும் 20 மணி நேரமும் சொச்சமும். ப்ளஸ், மைனஸ் குறிக்கும் இடம் விட்டு 32 பிட்டில் (கம்ப்யூட்டர் ஒரு எண்ணுக்கு ஒதுக்கும் இடம்) அடங்கும் மிகப் பெரிய எண் அது, அதனால்தான் இந்த விசித்திரமான இலக்கம். பல டேப்களில் வேலை செய்யும். ஆனால் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கினால், எடுத்தவர் கையில் திறந்த டேப். வீட்டுச் சுவரில் மாட்டியதற்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ் டேப்?

பதில்: செட்டிங்ஸ், சிஸ்டம், பவர். திரைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு. இரண்டிலும் 'நெவர்' உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் திட்டாதீர்கள்.

கேள்வி: வீணைக்காரி மறுபடியும் வந்திருக்கிறேன் சார். செயலியை மாற்றினேன், அணையவில்லை. ஆனால் வாசித்து முடித்துத் தூங்கி எழுந்தால் டேப் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, சார்ஜ் 6 சதவீதம்!

பதில்: வாசித்து முடித்ததும் ஹோமுக்கு வாருங்கள் அம்மா. செயலி முன்னால் நிற்கும்வரைதான் அதன் பேச்சு செல்லும். இல்லாவிட்டால் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்.