கதவடித் துரு: கேள்வி-பதில்

உவரி வாசகர்: 2008 மாருதி 800. முன்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. விரலால் அமுக்கினால் நொறுங்குகிறது. டச்-அப் பெயிண்ட் போதுமா அண்ணாச்சி?

போதாது. நொறுங்குகிறதென்றால் தகடு உள்ளிருந்தே அரித்து வந்தாச்சு. உங்கள் வண்டியில் முன் பெண்டர், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, போல்ட்டில்தான் நிற்கிறது, ஒட்டுப்போடாமல் கழற்றி வேறு மாட்டிவிடுங்கள். அப்புறம், கடற்கரை ஊர், வாரம் ஒருமுறை சக்கர வளைவின் உள்பக்கம் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உப்பான போர் தண்ணீர் வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசகி: அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைப்பதாகச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் 18,000 ரூபாய் வாங்கினார்கள். பில் இருக்கிறது. ஏழே மாதத்தில் கதவடியில் மறுபடியும் துரு, தட்டினால் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி உதிர்கிறது. கேட்டால் "பழைய வண்டி அப்படித்தான்க்கா" என்கிறார்கள்.

வண்டியைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. 2011இல் பளபளவென்று பெயிண்ட் அடித்த பழைய மாருதி ஜென் கார் ஒன்றை வாங்கினேன். ஐப்பசி மழையில் கால்மிதிக்கு அடியில் தண்ணீர் நின்றது, மிதியைத் தூக்கி ஸ்குரூடிரைவரால் குத்தினால் கட்டைவிரல் தடிமனுக்குப் பட்டி பெயர்ந்து வந்தது, அதன் முதுகில் தினத்தாள் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. ஓட்டையில் பேப்பரைச் சுருட்டி அடைத்து மேலே பூசியிருந்தார்கள். என் பிள்ளைகள் கால் வைத்து உட்கார்ந்த இடம் அது.

பட்டி ஈரத்தை உறிஞ்சும். பெயிண்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலே தண்ணீர் இறங்கி, அடியில் விட்டுவைத்த துருவோடு சேர்ந்து தகட்டைத் தின்றுவிடும். கிரைண்டர் போட்டுத் தகடு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டி, ஓட்டையை வெட்டி வெல்டு வைத்து, எபாக்சி பிரைமர் என்கிற துரு தடுக்கும் அடிப்பூச்சு அடித்த பிறகுதான் பட்டி, அதுவும் மேடுபள்ளம் நிரவ மெல்லிசாக. பிரைமர் அடிக்கும் முன்னால் ஒருதடவை நேரில் போய்ப் பாருங்கள், போக முடியாவிட்டால் போட்டோ கேளுங்கள்.

உதிர்ந்த பட்டியை எறியாதீர்கள், பில்லோடு சேர்த்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லையா, நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். நீங்கள் கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

வள்ளியூர் வாசகர்: பழைய கார் ஒன்றை ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்து, பிடித்துப்போய் 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். உள்ளே சேற்று வாடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ?

இருட்டில் பார்த்து எப்படிப் பணம் கொடுத்தீர்கள்? மாடு வாங்கப் போனாலும் பகலில்தானே பல்லைப் பிடித்துப் பார்ப்போம்! மீதியைக் கொடுக்காமல் நாளைக் காலையிலேயே போய் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் மண் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாள போல்ட்டு, இரண்டையும் விடாதீர்கள். கதவடியில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. சேறோ பட்டியோ தெரிந்தால் அட்வான்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: பிரேக் போட்டால் கதவுக்குள் தண்ணீர் சலசலக்கிறது.

கதவின் அடி ஓரத்தில் உள்ள ஓட்டைகள் அடைத்திருக்கின்றன, ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், இன்றைக்கே.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: அடிப்பக்கம் துரு இருக்கிறது. அதன் மேலேயே அண்டர்கோட்டிங், அதாவது அடித்தகட்டுக்கான காப்புப் பூச்சு, அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். அடிக்கலாமா?

கூடாது.