நீலகிரி ஆடு வளர்க்க ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறோம். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன், வயது 60. கையில் 10 லட்சம் ரூபாய், இரண்டு ஏக்கர் புல்நிலம் இருக்கிறது. அருகிவரும் நீலகிரிச் செம்மறியைக் கம்பளிக்காக வளர்க்க ஆசை. 100 ஆடு வாங்கினால் பாதி மானியம் என்கிறார்கள். மொத்தப் பணத்தையும் போடலாமா?

பதில்: ஆடு வாங்குங்கள் அம்மா. ஆனால் இருபதோடு நிறுத்துங்கள். கம்பளியை வரவுக் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்கள் கலந்து உருவான இனம் இது. மெல்லிய ரோமம்தான் இதன் பெருமை. ஆனால் ஒரு தடவை கத்தரித்தால் ஓர் ஆட்டில் 600 கிராம் வாக்கில்தான் கிடைக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை என்றால் இருபது ஆட்டுக்கு 24 கிலோ. கிலோ 100 ரூபாய்க்குப் போவதாக வைத்தாலும் 2,400 ரூபாய். கத்தரிக்கிற கூலி கொடுத்தால் மிச்சம் எங்கே? நீங்களே நூல் நூற்றுப் பின்னி விற்றால் கதை வேறு. அது தனித் தொழில், அதற்குத் தனி நோட்டுப் போடுங்கள்.

சோறு போடுவது குட்டியும் எருவும்தான். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. இருபது பெட்டைக்கு வருஷம் 14 குட்டி தேறும் என்று குறைத்தே கணக்குப் போடுங்கள். கேரட், உருளை போடுகிறவர்கள் எருவைத் தேடி வருவார்கள்.

தேசிய கால்நடை இயக்க மானியம் உண்மைதான். 100 பெட்டை, 5 கிடா என்ற அளவிலிருந்து தொடங்குகிறது. அந்த அளவுக்கு உச்சவரம்பு 10 லட்சம், இரண்டு தவணையாக வரும். மீதிப் பாதி உங்கள் பணமோ வங்கிக் கடனோதான். இரண்டு ஏக்கர் புல் நூறு ஆட்டுக்குக் காணாது. தீவனம் விலைக்கு வாங்கியே கை காலியாகிவிடும். மானியத்துக்காக மந்தையைப் பெருக்காதீர்கள்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். 6 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 8.2% வட்டியில் காலாண்டுக்கு 12,300 ரூபாய் வரும். ஆடு, பட்டி, முதல் வருஷத் தீவனம் எல்லாம் 3 லட்சத்துக்குள். மீதி 1 லட்சத்தை வங்கியிலேயே விடுங்கள், தொடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் உதகை பக்கம் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் விசாரியுங்கள். சந்தையில் வாங்கினால் கலப்பு ஆடு கையில் மாட்டும். இந்த இனத்தைக் காப்பாற்றத்தானே நீங்கள் இறங்குகிறீர்கள்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் தன் பெட்டைக்குட்டிகளோடே சேர்ந்து மந்தை நலிந்துவிடும். பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்: ஈரப் புல்லில்தான் குடற்புழு ஏறும். மழை மாதங்களில் குளம்பிடுக்கைத் தினமும் பார்க்க வேண்டும். இராத்திரிக்குச் சிறுத்தை நுழையாத பட்டி கட்டாயம்.

காப்பீடு எடுங்கள். ஆட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லை விழுந்துவிட்டால் அன்றைக்கே தெரிவித்து மாற்றுங்கள், அது இல்லாமல் இழப்பீடு கிடைக்காது. அப்புறம் வருமான வரி: ஆடும் கம்பளியும் விற்ற பணத்தை விவசாய வருமானம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்கு அந்த விலக்கு கிடையாது, தொழில் வருமானமாகவே காட்ட வேண்டும். விற்பனைச் சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.