“மதர்போர்டு வீக்” என்று சொன்னாரா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், ரிடையர் ஆனவர். 2018-இல் வாங்கிய லேப்டாப், ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். கரண்ட் பில், பேங்க் வேலை, பெங்களூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோ கால், இவ்வளவுதான் உபயோகம். வீட்டுக்கு வந்து பார்த்த சர்வீஸ்காரர், “விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், மதர்போர்டும் கொஞ்சம் வீக். ஃபார்மட் போட்டு, ஒரிஜினல் விண்டோஸ், ஆன்டிவைரஸ், ஸ்பீடு சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு. இல்லன்னா எக்ஸ்சேஞ்சுல தள்ளிடுங்க” என்றிருக்கிறார். என்ன செய்யட்டும் என்று கேட்கிறார் வாசகர்.

அந்த நாலாயிரத்து ஐந்நூறைக் கொடுக்காதீர்கள் சார். மதர்போர்டு வீக் என்று ஒரு வியாதி கிடையாது. போர்டு போனால் மெஷின் ஆன் ஆகாது, திடீரென்று அணையும், சார்ஜ் ஏறாது. வயதானவர் மாதிரி மெல்ல மெல்ல நடக்காது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மெஷின் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாகச் சதவீதம் தெரியும். உங்கள் மாதிரி லேப்டாப்பில் பெரும்பாலும் சிபியு பத்து, பன்னிரண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் சிவந்து போய் 100-இல் நிற்கும். அப்படி இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான்.

உள்ளே இருப்பது ஒரு தட்டு, அதன் மேல் ஓடுகிற ஒரு முள், பழைய கிராமபோன் மாதிரி. லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. விண்டோஸ் ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னச் சின்ன இடங்களிலிருந்து படிக்கச் சொல்கிறது, இந்த முள்ளால் நொடிக்கு நூறு இடத்தைக்கூடத் தொட முடியாது. எஸ்எஸ்டி என்ற சில்லு வகை டிஸ்க்கில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, அது ஆயிரக்கணக்கில் தொடும். 2018-இல் எந்தப் பொறுப்பும் இல்லாமல் இப்படி 4 ஜிபியும் சுற்றுகிற டிஸ்க்கும் போட்டு விற்றார்கள், இப்போது அதே ஆட்கள் பழசாகிவிட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். எரிச்சலாகத்தான் வருகிறது.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சாட்டா என்ற இணைப்பு வகையில் வரும் 2.5 இன்ச் எஸ்எஸ்டி போடுங்கள். 500 ஜிபி உங்களுக்குத் தாராளம். கடையில் “ஃபார்மட் வேண்டாம், க்ளோன் பண்ணிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அப்படியே புதியதற்கு வந்துவிடும், பேத்தி போட்டோ, பென்ஷன் ஃபைல், பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்கள் எல்லாமே. ஃபார்மட் போடுவது சர்வீஸ்காரருக்குச் சுலபம், இழப்பது நீங்கள். அப்புறம் அந்த ‘ஒரிஜினல் விண்டோஸ்’ விஷயம். விண்டோஸோடு விற்ற லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் சாவி போர்டிலேயே பதிந்திருக்கிறது, திரும்ப விண்டோஸ் ஏற்றினால் தானே எடுத்துக்கொள்ளும். தனியாகக் காசு கேட்டால் ஏமாற்று, அல்லது கிராக் வெர்ஷன், அதாவது பூட்டை உடைத்த திருட்டு விண்டோஸ். கிராக் போட்ட மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கே போய் வாங்கலாம், நங்கநல்லூர் ரோட்டில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஆனால் தெருமுனையிலேயே “என்ன சார் வேணும், லேப்டாப்பா, சர்வீஸா, வாங்க” என்று தோளில் கை வைக்காத குறையாக ஒருவர் கூடவே வருவார். அவருக்குக் கடை இல்லை, கமிஷன்தான் இருக்கிறது, அது உங்கள் பில்லில் ஏறும். நேராகக் கடைக்குப் போங்கள், இரண்டு கடையில் விலை கேளுங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள், பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் நானே ஏமாந்தேன். அவசரத்துக்கு ஒரு கடையில் ‘சீல் பேக்’ எஸ்எஸ்டி வாங்கி வந்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், பவர் ஆன் ஹவர்ஸ் என்ற இடத்தில் 11,000-க்கு மேல் காட்டியது. வருஷம் முழுக்க நிற்காமல் ஓடினாலே 8,760 மணிதான். எங்கேயோ ஒரு மெஷினில் வருஷக் கணக்கில் உழைத்த சரக்கைக் கவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது வேறு மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மெலிசான, விலை குறைந்த சின்ன லேப்டாப்கள் சிலவற்றில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லைப் போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் போய் டிஸ்க் 0-வைத் தட்டி, கெப்பாசிட்டி என்ன என்று பாருங்கள். 29 ஜிபி அல்லது 58 ஜிபி என்று இருந்தால் அநேகமாக அந்த வகைதான். அதைக் கழற்ற முடியாது, மாற்ற முடியாது. விண்டோஸ் அப்டேட் வந்தாலே அதற்கு இடம் போதாது, டவுன்லோட் பாதியில் நிற்கும், மெஷின் முழிக்கும். கடைக்காரர் “போட்டுத் தரேன்” என்றால் நம்பாதீர்கள், எங்கே போடுவீர்கள் என்று பின்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலி ஸ்லாட் இருந்தால் சரி, இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உங்களுடையது 1 டிபி, இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

ரேம் 4-லிருந்து 8 ஆக்கினால் நல்லதுதான், ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. எஸ்எஸ்டி போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற இடத்தில், பெயர் தெரியாத அப்டேட்டர், மீட்டிங் ஆப் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யுங்கள், ஆன்டிவைரஸை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணைவதில்லை, அதனால் வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். மே மாதத்தில் மெத்தை மேல் வைத்துப் பார்க்காதீர்கள், அடியில் காற்று போகாது. ஸ்பீடு சாஃப்ட்வேர், ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எதுவும் வேண்டவே வேண்டாம், அதுவே இன்னொரு சுமை. குரோமில் ஓரமாக “உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்” என்று குதிப்பது வைரஸ் இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் ‘அலவ்’ கொடுத்ததன் பலன். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அதை நீக்குங்கள். அதில் இருக்கும் நம்பருக்கு மட்டும் போன் செய்யாதீர்கள், உங்கள் மெஷினை அவர்கள் தூரத்திலிருந்தே இயக்க வழி செய்யும் எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போடச் சொல்வார்கள், அடுத்தது உங்கள் அக்கவுண்ட்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கை கழுவிவிட்டது. உங்கள் ஏழாம் தலைமுறை சிப்புக்கு விண்டோஸ் 11 கிடையாது என்றும் சொல்லிவிட்டது. நன்றாக ஓடுகிற மெஷினைக் குப்பையில் போடச் சொல்லும் இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்று கேட்கும், சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம், பிரவுசரில் செய்கிற உங்கள் வேலைகளுக்கு அது போதும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை “இது வேஸ்ட் சார்” என்று கடைக்காரர் டிராயரில் போட்டுக்கொள்வார். வாங்கிக்கொண்டு வாருங்கள், அதில் உங்கள் வீட்டுக் கதை முழுக்க இருக்கிறது. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி உள்ளே போட்டால், பேத்தி போட்டோவுக்கு இன்னொரு பிரதி.