செங்காந்தள் செத்துவிட்டதா?

கேள்வி: தொட்டியில் வைத்த செங்காந்தள் நன்றாகப் பூத்தது. இப்போது கொடி முழுக்க மஞ்சளாகிக் காய்கிறது, தண்ணீர் விட்டும் தேறவில்லை. பிடுங்கிவிடலாமா? கிழங்கை மருந்துக்கு எடுக்கலாமா?

பதில்: பிடுங்காதீர்கள், அது சாகவில்லை, தூங்கப் போகிறது. பூத்துக் காய்த்ததும் கொடி காய்வது இதன் வழக்கம், இந்த நேரத்தில் பாசத்தோடு தண்ணீர் ஊற்றினால்தான் கிழங்கு அழுகும். அதனால் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள்.

மண் மாற்றுவதாக இருந்தால் மட்டும் தோண்டுங்கள், அதுவும் கையுறை போட்டு. கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, சட்டென்று ஒடியும். முளை அதன் நுனியில்தான், நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு அவ்வளவுதான். திரும்ப நடும்போது படுக்கைவாக்கில், 2 அங்குல ஆழத்தில், தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண்ணில் வையுங்கள். இலை நுனியே சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் மெல்லிய குச்சியோ கம்பியோ போதும், தடித்த கழியை அதனால் பற்ற முடியாது.

மருந்தா? வேண்டவே வேண்டாம். இதிலுள்ள கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் கீல்வாத மருந்தாவது ஆலையில் பிரித்து அளந்த பிறகுதான், வீட்டில் கொஞ்சம் தின்றாலும் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள், நாய், பூனை இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.