ஒரே கோட் மாற்றம் கிட்டில் இரண்டு கமிட்டுகளாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட்; அதில் பதிகிற ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். உங்களிடம் மெயின், ரிலீஸ் என்று இரண்டு பிராஞ்ச் (கோடின் தனித்தனிக் கிளைகள்). மெயினில் செய்த திருத்தங்களில் சிலவற்றை யாரோ ரிலீஸுக்கு செர்ரி-பிக் செய்திருக்கிறார்கள், அதாவது அந்த கமிட்டுகளை மட்டும் எடுத்து அங்கே சேர்த்திருக்கிறார்கள். எவை போய்விட்டன, எவை பாக்கி என்று கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷை வைத்துத் தேடினால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்கிறீர்கள்.

பொருந்தவே பொருந்தாது. கமிட் ஹாஷ் என்பது மாற்றத்தின் கைரேகை இல்லை. முந்தைய கமிட் எது, யார் எழுதியது, எப்போது, என்ன செய்தி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிற கணக்கு அது. செர்ரி-பிக் செய்ததும் முந்தைய கமிட் மாறிவிடும். 40 எழுத்தும் வேறாகிவிடும்.

மாற்றத்துக்கு மட்டும் கைரேகை எடுக்க கிட்டிலேயே 'பேட்ச்-ஐடி' இருக்கிறது. டிஃப்பை (எந்த வரி சேர்ந்தது, எது போனது என்ற பட்டியல்) எடுத்து, வரி எண்களையும் இடைவெளிகளையும் தள்ளிவிட்டு ஹாஷ் போடும். அதை நீங்கள் கையால் ஓட்ட வேண்டியதில்லை. 'கிட் செர்ரி ரிலீஸ் மெயின்' என்று அடித்தால் போதும்: மைனஸ் குறி வந்தால் அதே மாற்றம் ரிலீஸில் ஏற்கெனவே இருக்கிறது, பிளஸ் வந்தால் இல்லை. ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின்மேல் மறுபடி அடுக்குவது) செய்யும்போது சில கமிட்டுகள் தானாகக் காணாமல் போவதும் இதே கணக்கால்தான்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அப்போது ஒரு பில்லிங் மென்பொருளில் வேலை. 10% தள்ளுபடியைக் கழிக்கும் ஒரே ஒரு வரி, மெயினில் சேர்த்தது. ரிலீஸுக்கு எடுத்தபோது கான்ஃப்ளிக்ட் (கிட் தானாகப் பொருத்த முடியாத மோதல்) வந்தது. அவசரத்தில் அதே வரியை நாலு வரி கீழே வைத்து முடித்தேன். இரண்டு வாரம் கழித்து ரிலீஸை மெயினுக்குள் மெர்ஜ் செய்தோம், அதாவது இணைத்தோம். இடம் வேறு என்பதால் கிட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டு வரியையும் வைத்துக்கொண்டது. 1000 ரூபாய் பில் 900க்குப் பதில் 810 ஆனது. வாடிக்கையாளர் யாரும் புகார் செய்யவில்லை, ஏன் செய்யப் போகிறார்கள்? கடைக்காரர்தான் கூப்பிட்டார்.

மெர்ஜுக்கு முன்னால் 'கிட் செர்ரி' ஓட்டித்தான் பார்த்திருந்தேன். அந்த கமிட்டுக்கு பிளஸ் காட்டியது. அதைக் குறை சொல்ல முடியாது: பேட்ச்-ஐடி கணக்கில் மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளும் சேரும். கான்ஃப்ளிக்டைக் கையால் தீர்த்தால் சுற்றுப்புறம் மாறிவிடும், ஐடியும் மாறிவிடும்.

அதனால் பிளஸ் வந்தவற்றை இன்னொரு சல்லடையில் போடுங்கள். செர்ரி-பிக் செய்தால் கமிட்டர் (கமிட்டைப் பதிந்தவர்) விவரம்தான் புதிதாகும். ஆத்தர் (மாற்றத்தை முதலில் எழுதியவர்) பெயரும் ஆத்தர் தேதியும் பழையபடியே இருக்கும், கான்ஃப்ளிக்டைத் தீர்த்திருந்தாலும்கூட. இரண்டுக்கும் பொதுவான கமிட்டுகளை விட்டுவிட்டு, இரண்டு பிராஞ்சின் லாக்கையும் (கமிட் பட்டியல்) ஆத்தர் பெயர், ஆத்தர் நேரம் மட்டும் வருகிற மாதிரி எடுத்து, சார்ட் செய்து, இரட்டையாக வருவதைப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே நொடியில் இரண்டு வேறு கமிட் எழுதுவது அபூர்வம். என்னுடைய தள்ளுபடி வரி இதில் உடனே மாட்டியிருக்கும்.

யாராவது செர்ரி-பிக் செய்யாமல் வரியைப் பார்த்துப் பார்த்து மறுபடி டைப் செய்திருந்தால் இதுவும் உதவாது. அப்போது 'கிட் லாக்' கட்டளையோடு பெரிய எஸ் ஆப்ஷனில் அந்த வரியைக் கொடுத்து, எந்தெந்த கமிட்டில் அது நுழைந்தது என்று தேட வேண்டியதுதான். ஸ்குவாஷ் மெர்ஜும் தலைவலிதான்: ஐந்து கமிட் ஒன்றாகிவிட்டால், அந்த ஐந்தில் எதன் ஐடியும் அந்த ஒன்றோடு பொருந்தாது.

அப்புறம், இனிமேல் செர்ரி-பிக் செய்யும்போது சின்ன எக்ஸ் ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த கமிட்டிலிருந்து எடுத்தது என்று செய்தியின் கடைசியில் அதுவே எழுதிவைக்கும். பழைய கமிட்டுகளுக்கு மேலே சொன்ன சல்லடைதான்.