ஆறாம் வகுப்புக்கு மதுரைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். மகள் ஊரிலுள்ள, அரசு நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். கிராமத்தில் படித்தால் நகரத்துப் பிள்ளைகளோடு போட்டி போட முடியாது என்கிறார்கள். மதுரையில் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில், கல்வி உரிமைச் சட்ட இலவச இடத்தில் ஆறாம் வகுப்பு சேர்த்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசுவோம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் அந்த 25 விழுக்காட்டு இலவச இடம் பள்ளியின் தொடக்க வகுப்புக்கு மட்டும்தான், எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பு. ஆறாம் வகுப்பில் இல்லாத இடத்தை அவர் விற்கிறார். இணையத்தில் விண்ணப்பம், கூட்டம் அதிகமானால் குலுக்கல், அவ்வளவே. இடையில் ஓர் ஆளுக்கு வேலையே இல்லை. அடுத்து, ‘பதிவு செய்ய வேண்டும்’ என்று மாற்றுச் சான்றிதழின் அசலைக் கேட்பார். அதைக் கொடுத்துவிட்டு ஜூன் மாதத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்த பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புகார் கொடுத்தால் அலுவலகத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்துவார்கள். அதோடு சரி.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டில் முதலிடம் சிவகங்கை, அடுத்தது விருதுநகர். இரண்டும் நமக்குப் பக்கத்து மாவட்டங்கள். வயலும் கண்மாயும் கரிசலுமான பூமி. ஆகவே நகரத்துக் காற்று மதிப்பெண் போடுவதில்லை. பெயர்பெற்ற பள்ளிகள் சில என்ன செய்கின்றன தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்கின்றன. மறு வருடம் வாசலில் ‘100 விழுக்காடு தேர்ச்சி’ என்று பதாகை தொங்கும். அனுப்பப்பட்ட பிள்ளை அரசுப் பள்ளியில் வந்து சேரும். அது தோற்றால் அந்தக் கணக்கு அரசுப் பள்ளியின் தலையில்.

கிராமத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், நிரப்பப்படாத கணக்கு ஆசிரியர் பணியிடம், சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லாமை: இவை உண்மை. தேர்ச்சியில் தெரியாத இந்த இடைவெளி உயர்ந்த மதிப்பெண்ணில் தெரியும். ஆகவே மகள் சேரப்போகும் உயர்நிலைப் பள்ளிக்கு நேரில் போய், கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியை விட்டால் இழப்பது பெரிது. மருத்துவத்துக்கு 2020 முதலும் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காட்டு உள் இடஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. ஆங்கில வழிக்கு மாறினால், முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடும் போகும்.

‘கள்ளர் பள்ளி கல்வித் துறையின் கீழ் இல்லை, அதனால் அரசுப் பள்ளிச் சலுகை கிடைக்காது’ என்றும் அந்த ஆள் சொல்லியிருப்பார். பொய். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள இந்தப் பள்ளிகளை நடத்துவது வேறு துறை என்பது மட்டுமே உண்மை. அதுவும் அரசுத் துறைதான். 7.5 விழுக்காட்டுச் சட்டத்தில் அரசுப் பள்ளி என்பதற்கான விளக்கத்திலேயே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் அப்படித்தான். சந்தேகமாகப் பேசும் எழுத்தர் இருந்தால் சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. மதுரையில் பழம்பெரும் பள்ளிகள் பல அந்த வகை. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

இன்று மாலை மகளிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு இரண்டு கொடுங்கள். தடுமாறினால், கோடை விடுமுறையில் அதைச் சரிசெய்ய வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசுங்கள். தடுமாறாமல் போட்டுவிட்டால், தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய்வரும் நேரத்தில் அவள் வீட்டில் படிக்கட்டும்.