குச்சியை விடுங்கள், எக்ஸ்ரேயைப் பிடியுங்கள்

கேள்வி: 8 மாதங்களுக்கு முன் மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டேன். வேரை அடைக்கும் குச்சியை, திறந்து கிடந்த டப்பாவிலிருந்து உதவியாளர் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். இப்போது ஈறு வீங்கிச் சீழ் வடிகிறது. போய்க் கேட்டால் டாக்டர் எரிந்து விழுகிறார். இன்னொரு டாக்டர், "உள்ளே எல்லாம் தொற்று, பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும்" என்கிறார். அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார். (வேலை மும்முரத்தில் நான் கேப் போட்டுக்கொள்ள 5 மாதம் ஆகிவிட்டது.) முதல் டாக்டர் மீதும் குச்சியைத் தயாரித்த நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரலாமா?

பதில்: டாக்டர் எரிந்து விழுந்தது வழக்காகாது. வெறுங்கையால் எடுத்தது தவறுதான், ஆனால் அது மட்டுமே வழக்கை நிலைநிறுத்திவிடாது. நீதிமன்றம் கேட்கப்போவது ஒரே கேள்வி: இந்தச் சீழுக்குக் காரணம் அந்தக் குச்சிதானா? அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. இப்போது உங்களிடம் இருப்பதை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

ஏன் என்று பாருங்கள். வேரை அடைக்கும் அந்தக் குச்சி, கட்டா பெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளாலானது. அதை 121 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைத்தால் உருகிக் குழைந்துவிடும். அதனால் அடைப்பதற்குச் சற்று முன் 5.25 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினியில் ஒரு நிமிடம் முக்கி, அலசி, உலர்த்திப் பயன்படுத்துவது அறியப்பட்ட முறை. நீங்கள் பார்த்தது டப்பாவிலிருந்து எடுத்ததை. அதன்பின் அதை முக்கினார்களா இல்லையா என்பது வாயைத் திறந்து மல்லாந்து கிடந்த உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முக்கினோம் என்று அவர்கள் சொன்னால் மறுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? போதாததற்கு, குச்சியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு, அதற்கே கிருமியை ஓரளவு அடக்கும் தன்மை உண்டு என்று எதிர்த்தரப்பு நிபுணர் சொல்வார். அது உண்மையும்கூட.

"பழைய குச்சியை எடுத்து லேபில் கொடுத்துக் கிருமியைக் காட்டிவிடுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வந்தால், மாதிரி எடுத்த கையிலிருந்து ஒட்டியது என்பார்கள். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் கிருமி வந்தால், தோற்றுப்போன ரூட் கேனாலில் வழக்கமாகக் காணப்படுவதுதானே என்பார்கள். எது வந்தாலும் உங்களுக்கு உதவாது. தயாரிப்பாளர் மீதான வழக்கு இன்னும் பலவீனம்: லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) உங்களிடம் இல்லை, டப்பா திறந்து புழங்கியது, இவ்வகைக் குச்சிகள் பல ஸ்டெரைல் (கிருமி நீக்கியது) என்ற உறுதியோடு விற்கப்படுவதே இல்லை. அவர்களை வழக்கில் இழுத்தால் எதிரே இன்னொரு வக்கீல் உட்காருவார், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு இடத்தில் இருக்கிறது. மேல் முதல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் பெரும்பாலும் இருக்கும். அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான். அது சுத்தம் செய்யப்படாமல் கிடக்கிறதா? அடைப்பு வேர்நுனிக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் குறைவாக நின்றுவிட்டதா, அல்லது நுனியைத் தாண்டிப் பிதுங்கியிருக்கிறதா? கால்வாயைச் சுரண்டும் ஃபைல் என்னும் மெல்லிய கருவி உடைந்து உள்ளே இருந்து, உங்களிடம் சொல்லப்படவில்லையா? எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் டேம் (ரப்பர் விரிப்பு) கட்டினார்களா? இவை படத்திலும் பதிவேட்டிலும் தெரியக்கூடியவை. தெரிந்தாலும் வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். கால்வாய் ஒன்று விடுபட்டதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள டாக்டர் அதைக் கண்டிருப்பார் என்று ஒரு நிபுணர் எழுதித் தர வேண்டும்.

கட்சிக்காரர்கள் வழக்கை இழப்பது பெரும்பாலும் நீங்கள் நாள் குறித்திருக்கும் அந்த நாற்காலியில்தான். மறுசிகிச்சையில் பழைய அடைப்பைக் கரைப்பானாலும் ஃபைலாலும் சுரண்டி எடுப்பார்கள். எவ்வளவு நீளம் அடைத்திருந்தது, எது விடுபட்டிருந்தது என்பதெல்லாம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். பல்லையே பிடுங்கிவிட்டால் பேச்சே இல்லை. எனவே கை வைக்கும் முன் புதிய எக்ஸ்ரேயும், முடிந்தால் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேனும் எடுங்கள். பிரிண்ட் போதாது, மூலக் கோப்பாக வாங்குங்கள். முதல் டாக்டரிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் பதிவேட்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள், வக்கீல் நோட்டீஸ் போகும் முன்பே. இரண்டாவது டாக்டர் வாயால் சொன்ன "எல்லாம் தொற்று" எதற்கும் உதவாது. திறந்தபோது என்ன கண்டார் என்று தேதியிட்டு எழுதி, படமும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்த பல்லையோ குச்சியையோ வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். உங்கள் கைக்கு வந்த பொருளை யாரும் நம்பமாட்டார்கள். மருத்துவமனையே பெயரிட்டு மூடி வைக்கட்டும்.

இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. காய்ச்சலோ, முகம் வீங்குவதோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால் இன்றே போங்கள். படம் எடுக்க அரை மணி நேரம் போதும். தாமதத்தால் கூடிய பாதிப்புக்கு நஷ்டஈடு கிடைக்காது.

இனி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்துவைத்த வரி. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது அதைத்தான். கேப் போடும்வரை பல்லின் மேல் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது. 5 மாதத்தில் அது தேய்ந்து கசிந்து, மேலிருந்து எச்சில் இறங்கியதே தொற்றுக்குக் காரணம் என்பார்கள். பல் மருத்துவம் அறிந்த எவரும் அதை ஒதுக்கிவிட முடியாது. சீக்கிரம் கேப் போட வேண்டும் என்று உங்களை எச்சரித்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால், வழக்கு ஏறக்குறைய முடிந்தது. அப்படி ஒரு வரி இல்லையென்றால் பேரம் பேச இடம் இருக்கிறது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். கட்டிய கட்டணம், மறுசிகிச்சைச் செலவு, புதிய கேப் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒரு நிபுணரைச் சாட்சிக்கு அழைக்கும் செலவே இந்தத் தொகையைத் தாண்டிவிடலாம். பேச்சு நடக்கும்போதும் வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு ஓடுகிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். டாக்டரைத் திட்டி இணையத்தில் எதுவும் எழுதாதீர்கள். பணம் வாங்கும்போது நீட்டப்படும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்றிருக்கும். மறுசிகிச்சையும் தோற்றுப் பல்லை எடுக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை எழுதாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.